ஊதா வந்தா நிறுத்து

அவர் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. சத்தம் போட்டும் பேசியதில்லை. "எங்க வீட்ல சத்தமே வராது மாப்ள" என்று அவரே சொல்லிக்கொள்வார். உண்மைதான். வராது.

சொட்டுச் சொட்டாகத்தான் பேசுவார். ஒரு சொல் விடுவார், எதிரில் நிற்கிற ஆளைப் பார்ப்பார். அது உள்ளே இறங்குகிற வரைக்கும் பொறுத்திருந்து அடுத்ததை விடுவார்.

என் அக்காவைக் கட்டியவர் அவர். எனக்கு மச்சான். பெயர் வேண்டாம். வீடு அறந்தாங்கியில். பிறந்தது மணமேல்குடிப் பக்கம், கடலோரம். நாங்கள் மேற்கே, பொன்னமராவதிப் பக்கம். ஒரே மாவட்டம்தான். ஆனால் பேச்சு கொஞ்சம் கொஞ்சம் மாறும். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

வெளிநாட்டிலிருந்து அவர் ஒரேயடியாக வந்த புதிதில் ஹாலுக்கு டைல்ஸ் ஒட்ட ஒரு ஆள் வந்தார். ஐம்பது வயசு இருக்கும். வேலை முடிந்ததும் மச்சான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"எத்தன வருசமாப் பாக்குறீங்க இந்த வேல?"

"முப்பது வருசம் இருக்கும் சார்."

"முப்பது." அந்த ஆளைப் பார்த்தார். "யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

"எங்கப்பாருகிட்ட சார்."

"இருக்காரா?"

"இல்ல சார். தவறிட்டாரு."

"நல்லதாப் போச்சு. இந்த மூலையப் பாக்காமப் போயிட்டாரு."

மூலையில் இரண்டு கல்லுக்கு நடுவே நூல் அளவு இடைவெளி. அவ்வளவுதான். அந்த ஆளுக்கு முகம் செத்துவிட்டது. உளியை எடுத்து அந்தக் கல்லைப் பெயர்க்க உட்கார்ந்தார். அதோடு விட்டிருக்கலாம். மச்சான் குனிந்து அவர் காதுக்குப் பக்கத்தில் சொன்னார்.

"ஒங்க புள்ளைக்கும் இதையேதான் கத்துக் குடுக்குறீங்களா?"

உளி தவறி அவர் கட்டை விரலில் பட்டது. மச்சான் அக்காவைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னார்.

முகம் மாறின பிறகும் ரெண்டு சொட்டு கூட விடுவது அவர் பழக்கம். அது ஏன் என்று பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன்.

அவர் கோபத்தை 'ங்க' வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நல்ல மனசில் இருந்தால் அக்காவை "இந்தா", "ஏய்" என்பார். "வாங்க", "உக்காருங்க மேடம்" என்று ஆரம்பித்தால் அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும்.

எட்டு வருசக் கல்யாணம். அந்த எட்டு வருசத்தில் அவர் ஊரில் இருந்தது எல்லாம் சேர்த்துப் பத்து மாசம். மிச்சமெல்லாம் அங்கே. பெரிய ஹோட்டல் ஒன்றில் வாசலிலேயே கடல் மீன் தொட்டி இருந்ததாம், நம்ம ஊர் பஸ் நீளத்துக்கு. அதைப் பார்த்துக்கொள்கிற வேலை. கூட ஒரு மலையாளத்துக்காரர் இருந்தார். அவர் வேலையை விட்டுப் போன மறு மாசமே இவரும் ஊருக்கு வந்துவிட்டார். என்ன ஏது என்று யாரும் கேட்கவில்லை. அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

வந்ததும் ஹாலில் ஒரு தொட்டி கட்டினார். ஆறடி நீளம். குட்டியானை லோடு வண்டி ஒன்று வாங்கி என்னை ஓட்டச் சொன்னார். எனக்கு அப்போது வேறு பிழைப்பு இல்லை. அவர் வீட்டிலேயே தங்கினேன். சோறு அவர் வீட்டுச் சோறு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் பேசினதெல்லாம் நான் அந்தச் சோற்றைத் தின்றுகொண்டே கேட்டது.

வாரம் ஒருநாள் மணமேல்குடிக்குப் போய்க் கடல் தண்ணீர் கொண்டு வர வேண்டும். கரைத் தண்ணீர் ஆகாது, சேறு. படகுக்காரர் ஒருத்தர் கடலுக்குள் போய் கேன்களில் மொண்டு வருவார். முதல் நாள் கரைத் தண்ணீரை நான் மொண்டபோது அவர்தான் தடுத்தார்.

"அது எதுக்குத் தம்பி? மாட்டுக்குக்கூட ஆகாது. நல்ல ஊதாத் தண்ணி வேணும்னா ரெண்டு மைல் உள்ள போகணும்."

எனக்குச் சிரிப்பாக இருந்தது. எங்கள் ஊரில் ஊதா என்றால் கத்திரிப்பூக் கலர். கடல் எங்கே அந்தக் கலரில் இருக்கிறது? படகுக்காரர் தண்ணி போட்டிருப்பார் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

முதலில் தொட்டியில் மீன் மட்டும்தான். பிறகு பவளம் வந்தது. நம்ம கடலில் எடுத்தால் கேஸ், இது வெளியிலிருந்து சென்னை வழியாக வருவது என்பார். பார்ப்பதற்குக் கல். ஆனால் உயிர். தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பைத் தின்றுதான் அது வளரும். அதற்குக் கால்சியம் என்று பேர். குறைந்தாலும் சாகும், கூடினாலும் சாகும். அதனால் வாரம் ரெண்டு தடவை சோதிக்க வேண்டும்.

சோதனை இப்படி. சின்னக் கண்ணாடிக் குப்பியில் தொட்டித் தண்ணீர் கொஞ்சம். முதல் பாட்டிலிலிருந்து ஆறு சொட்டு. பிறகு ஒரு சிட்டிகைப் பொடி. குலுக்கினால் ரோஸ் ஆகும். அப்புறம் மூன்றாவது பாட்டிலிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விட்டு, விட்டு, குலுக்க வேண்டும். கலர் மாறினதும் நிறுத்தி, எத்தனை சொட்டு என்று சொல்ல வேண்டும். இருபத்தொன்று வந்தால் தண்ணீர் சரி. குறைந்தால் மச்சான் கால்சியம் மருந்து ஊற்றுவார்.

அவர் செய்யமாட்டார். அக்காதான் செய்யும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்பார்.

"ரோஸ் வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க."

"எண்ணி விடு. ஊதா வந்தா நிறுத்து."

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

"நீங்க ஒருவாட்டி பாக்குறீங்களா?" என்று முதல் நாள் அக்கா குப்பியை நீட்டியது.

"கண்ணாடி மாடில இருக்கு" என்றார்.

கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது.

அவர் தம்பி பக்கத்துத் தெருவில் இருந்தார். ஒருநாள் வந்தவர், "இதுக்கெல்லாம் இப்ப மிசினு வந்துருச்சாம்ணே. குப்பிய உள்ள வச்சா நம்பரே வருமாம்" என்றார்.

"கண்ணு அவிஞ்சவனுக்குத்தான் மிசினு" என்றார் மச்சான்.

அக்கா அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. தலையை நிமிர்த்தவில்லை.

அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. அவருக்கு எதையாவது எடுத்துக் கொடுத்தால் நேராகக் கையில் கொடுக்காது. சட்டை கேட்டால் மூன்று சட்டையைக் கட்டிலில் போடும். ஒன்றை மட்டும் ஒரு விரல்கடை முன்னால் தள்ளி வைக்கும். அவர் அதைத்தான் எடுப்பார். தக்காளிக் கூடை, மாம்பழத் தட்டு, எதுவானாலும் அப்படியே. பழுத்தது ஒரு விரல்கடை முன்னால் இருக்கும். புருசனுக்குப் பயந்து இப்படிச் செய்கிறது என்று நினைத்தேன்.

பவளத்தில் ஒரு கிளையை ஒடித்து வேறு கல்லில் ஒட்டினால் அது தனியாக வளரும். அப்படி ஒன்று பிடித்துக்கொண்ட அன்று அக்காவைக் கூப்பிட்டார்.

"வாங்க மேடம். இங்க பாருங்க."

அக்கா வந்து நின்றது.

"ஒடிச்சு ஒட்டி வச்சேன். கல்லுகூடக் குட்டி போடுது பாத்தீங்களா."

பார்த்தார்.

"ஒங்களுக்கு என்னங்க கொற? தண்ணி சரியில்லையா?"

பார்த்தார்.

"வெளிச்சம் பத்தலையா?"

பார்த்தார்.

"இல்ல, பொன்னமராவதில கல்லே வேற மாதிரியா?"

நான் தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். கடைசிச் சொல்லுக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லேசாகத்தான். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தது. அப்புறம் உள்ளே போய் எனக்கு ரசம் கொண்டு வந்து ஊற்றியது.

மூன்று மாசத்தில் தொட்டி கெட ஆரம்பித்தது.

ஒவ்வொரு தடவையும் அக்கா பதினாறு, பதினேழு என்று சொல்லும். அவர் மருந்து ஊற்றுவார். அடுத்த தடவை பதினெட்டு. மறுபடி ஊற்றுவார். இருபது வந்த வாரத்தில் மோட்டாரைச் சுற்றி வெள்ளையாகப் படிந்துவிட்டது, வெந்நீர்ப் பானையில் உப்புப் படிவதுபோல. அடி மணல் கட்டிபிடித்தது. பவளங்களின் நுனி வெளுத்தது. ஒட்டி வளர்த்த அந்தக் குட்டிதான் முதலில் செத்தது.

அவர் அதை வெளியே எடுத்து, சோற்றுத் தட்டில் வைத்து, அக்காவின் முன்னால் நகர்த்தினார்.

"ஒங்க கை பட்டதுங்க. ஒண்ணாவது பொழைக்கும்னு பாத்தேன்."

அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை. அந்தத் தட்டைக் கழுவி வைத்தது.

அதிலிருந்து சோதனை தினமும் ஆனது. ஒரு நாளைக்கு மூன்று தடவை. ஒரே தண்ணீரை மூன்று தடவை எண்ணச் சொல்வார். மூன்றும் ஒரே எண்ணாக வரவில்லை என்றால் மறுபடி. அக்காவுக்கு விரல் நடுங்கும். நடுங்கினால் சொட்டுப் பெரிசாக விழும். எண் மாறும். நின்றுகொண்டேதான் செய்ய வேண்டும். உட்காரச் சொல்லமாட்டார்.

ஒருநாள் அக்காவுக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை.

"மாப்ள, நீ விடு" என்றார்.

குப்பியைக் கையில் எடுத்தேன். பெட்டியிலிருந்து ஒரு தாள் கீழே விழுந்தது. இங்கிலீஷ். எனக்கு அஞ்சாம் வகுப்போடு சரி. ஆனால் தாளில் ரெண்டு கட்டம் போட்டிருந்தது. முதல் கட்டம் ரோஸ். அம்புக்குறி. ரெண்டாவது கட்டம் பேனா மைக் கலர். படிக்கத் தெரியாதவனுக்கும் அது தெரியும்.

சொட்டு விட ஆரம்பித்தேன். பதினெட்டில் ரோஸ் கலங்கிக் கத்திரிப்பூ ஆனது. எங்கள் ஊர் ஊதா. அக்கா இங்கேதான் நிறுத்தியிருக்கும். நான் நிறுத்தவில்லை. தொடர்ந்து விட்டேன். இருபத்தாறில் மைக் கலர் வந்தது. தாளில் இருக்கிற கலர்.

படகுக்காரர் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. ஊதாத் தண்ணி. கடலோரத்தில் ஊதா என்றால் இதுதான். மைக் கலர். வானத்து நீலம். மச்சான் தன் ஊர் ஊதாவைச் சொல்லியிருக்கிறார். அக்கா எங்கள் ஊர் ஊதாவில் நிறுத்தியிருக்கிறது. ஏழெட்டுச் சொட்டு வித்தியாசம். தண்ணீரில் ஏற்கெனவே கூடிக் கிடந்த மருந்தின் மேல் அவர் இன்னும் இன்னும் ஊற்றியிருக்கிறார். யார் மேலும் தப்பில்லை. ஒரு சொல்லில் வந்த தப்பு.

இதில் ஒன்று மட்டும் இடித்தது. மூன்று மாசத்தில் ஒரு தடவை அவர் திரும்பிக் குப்பியைப் பார்த்திருந்தால் போதும். நிறுத்தினது வேறு கலர் என்று தெரிந்திருக்கும். ஏன் பார்க்கவில்லை?

குப்பியைக் கழுவி, மறுபடி தண்ணீர் எடுத்து, பொடி போட்டேன். நல்ல ரோஸ். ஒரு சொட்டுகூட விடாமல் அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"ஊதா வந்துருச்சா மச்சான்?"

ஒரு நொடி பார்த்தார். "ம். வந்துருச்சு. எத்தன?"

"இருபத்தொண்ணு மச்சான்."

"அப்பிடிச் சொல்லு. கண்ணுன்னா இது கண்ணு" என்றார்.

மலையாளத்துக்காரர் போன மறு மாசமே அவர் ஏன் ஊருக்கு வந்தார் என்று புரிந்தது. நான் நேராக அக்காவிடம் போனேன். போர்வைக்குள் கிடந்தது. சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டது. ஊதா விஷயத்துக்குத்தான் ஆச்சரியப்பட்டது. மற்றதற்கு இல்லை.

"ஒனக்குத் தெரியுமாக்கா? அவருக்குக் கலர் தெரியாதுன்னு?"

"கல்யாணமான மூணாம் நாளு. பச்சச் சேல கட்டியிருந்தேன். செவப்பு நல்லாருக்குன்னாரு."

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"நீ ஒண்ணும் பாக்கல. சரியா?" கையைப் பிடித்துக்கொண்டது. கை கொதித்தது. "அந்தக் கலரு எதுன்னு மட்டும் எனக்குக் காட்டு. எந்திரிச்சு வந்து நான் அதுல நிறுத்துறேன். தொட்டி தானாச் சரியாயிரும். அவருக்குத் தெரியவே வேண்டாம்."

அப்படியே விட்டிருக்கலாம். அக்கா சொன்னது சரி. தொட்டி சரியாகியிருக்கும்.

அக்கா காய்ச்சல் விட்டு எழுந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தம்பியும் தம்பி பெண்சாதியும் சாப்பிட வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து எல்லோரும் ஹாலில் இருந்தோம். மச்சான் வெற்றிலை போட்டுக்கொண்டு சொன்னார்.

"மேடம், ஒரு தடவ எண்ணிக் காட்டுங்க. தம்பி பாக்கட்டும்."

அக்கா எண்ணியது. இப்போது சரியான ஊதாவில் நிறுத்தியது.

"இருபத்தஞ்சுங்க."

"மாப்ள எண்ணுனப்ப இருபத்தொண்ணு. இன்னைக்கு இருபத்தஞ்சு." அக்காவைப் பார்த்தார். "நான் ஒண்ணும் ஊத்தலையே. தானா எப்பிடிங்க ஏறும்?"

அக்கா குப்பியைத் தொட்டி மேல் வைத்தது.

"மாப்ள, ஒங்கக்காவ ஸ்கூலுக்கு அனுப்புனீங்களா, மாடு மேய்க்க அனுப்புனீங்களா?"

தம்பி சிரித்தார்.

"தானாச் சொரந்துச்சாக்கும்." இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தார். "தண்ணிக்குச் சொரக்கும். ஒங்களுக்கு எங்கிட்டுங்க சொரக்கும்?"

தம்பி பெண்சாதி தலையைக் குனிந்துகொண்டது. அக்காவுக்கு முகமெல்லாம் ரத்தம் ஏறிச் சிவந்துவிட்டது. அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

நான் எழுந்தேன்.

"மச்சான், நீங்களே ஒருவாட்டி பாத்துச் சொல்லுங்க."

"கண்ணாடி இல்ல."

"பையில இருக்கு மச்சான்."

நானே எடுத்து அவர் கையில் கொடுத்தேன். புதுத் தண்ணீர் எடுத்தேன். பொடி போட்டுக் குலுக்கினேன். ரெண்டு சொட்டு விட்டேன். ரோஸ் அப்படியே இருந்தது.

"இது என்ன கலரு மச்சான்?"

அவர் குப்பியைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் அக்காவின் கையைப் பார்த்தார். அக்கா விரல் லேசாக அசைந்திருக்க வேண்டும். நான் ஒரு எட்டு நகர்ந்து நடுவில் மறைத்து நின்றேன்.

"தம்பி" என்று என்னைக் கூப்பிட்டது அக்கா. அவ்வளவுதான்.

"ஊதா" என்றார் அவர்.

"நல்லாப் பாருங்க மச்சான்."

"ஊதாதான்."

"அண்ணே, ரோஸுண்ணே" என்றார் தம்பி. சொல்லிவிட்டுச் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்திருப்பார். அப்புறம் அண்ணன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

மச்சான் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். நான் அங்கே நிறுத்தியிருக்க வேண்டும்.

"ஒங்க சட்ட என்ன கலரு மச்சான்?"

பார்த்தேன்.

"அத எடுத்துக் குடுத்தது யாரு?"

அவர் எழுந்து போய்க் கொல்லைப்புறத்தில் வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்து, வந்து மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

அக்கா என் கையிலிருந்து குப்பியை வாங்கிக் கழுவியது. மூடி போட்டுப் பெட்டியில் வைத்தது. அடுக்களையில் என்னிடம் சொன்னது.

"அவரு பேசுனாப்புலயே பேசுனடா நீ. அவரு கொரலுதான் எனக்குக் கேட்டுச்சு."

பிறகு பத்து நாள் அந்த வீட்டில் ஒரு சொல்கூட விழவில்லை. அக்காவை அவர் "மேடம்" என்று கூப்பிடவில்லை. "ஏய்" என்றும் கூப்பிடவில்லை. அக்கா சட்டையைக் கட்டிலில் போட்டு, ஒன்றை விரல்கடை முன்னால் தள்ளி வைக்கும். அவர் தள்ளி வைக்காத ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு போவார். ஒருநாள் பச்சைக் கால்சட்டைக்குச் சிவப்புச் சட்டை. தெருவே பார்த்தது. அவருக்கு இனி மறைக்க ஒன்றுமில்லை.

பதினோராவது நாள் கொரியரில் ஒரு பெட்டி வந்தது. கையடக்கமான மிஷின். அவரே பிரித்தார். குப்பியில் தண்ணீர் எடுத்து, உள்ளே வைத்து, பட்டனை அமுக்கினார். நம்பர் வந்தது. சரிபார்க்க மறுபடி அமுக்கினார். அதே நம்பர். அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும் அவரே செய்தார். நடுக்கமில்லாத மிஷின்.

நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டார். மாப்ள என்று இல்லை.

"வாங்க தம்பி."

போனேன்.

"அக்காவக் கூட்டிட்டுப் போங்க."

"மச்சான்..."

"இங்க இனிமே வேல ஒண்ணுமில்லைங்க."

அவ்வளவுதான். சத்தம் வரவில்லை. வண்டிச் சாவியை நான் தொட்டி மேல் வைத்தேன். அக்கா ஒரு பையோடு வந்தது. தொட்டியைத் திரும்பிப் பார்த்தது. அவரைப் பார்க்கவில்லை.

பஸ் திருமயம் தாண்டியது. அக்கா சன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னது.

"எட்டு வருசமா ஊர்ல அவருக்கு என்னைய விட்டா ஆளில்ல. அந்த ஒண்ணத்தான் முந்தானைல முடிஞ்சு வச்சிருந்தேன். நீ அவுத்து விட்டுட்ட."

நான் அக்காவைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ரெண்டு பக்கமும் பெரியவர்கள் பேசிக் கல்யாணத்தைத் தீர்த்துவிட்டார்கள். பிள்ளை இல்லை என்பதைத்தான் மச்சான் காரணமாகச் சொன்னார். அவர் ஊரில் இருந்த பத்து மாசக் கணக்கை யாரும் கேட்கவில்லை. நானும் சபையில் வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவை திறந்ததே போதும் என்று இருந்தது.

எனக்கு ஒன்று தோன்றும். முகம் சிவப்பது அவருக்குத் தெரியாது. டைல்ஸ் ஒட்டின ஆள் முகம், அக்கா முகம், எல்லாம் அவருக்கு ஒரே கலர். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல்தான் ரெண்டு சொட்டு கூட விட்டாரோ என்று. அப்படி நினைத்தால் மனசுக்குக் கொஞ்சம் சமாதானமாக இருக்கும். ஆனால் கண்ணீருக்குக் கலர் கிடையாது. அது எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

எனக்கு எல்லாக் கலரும் தெரியும். நானும் ரெண்டு சொட்டு கூடத்தான் விட்டேன்.

அக்கா இப்போது புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் இருக்கிறது. சேலைக்கு மேட்சிங் ரவிக்கைத் துணி எடுத்துக் கொடுக்கிற வேலை. அக்கா கண்ணுக்கு அந்தக் கடையில் பேர் உண்டு. சேலையை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போய் எடுத்து வந்தால் அச்சாக இருக்கும். ஆனால் யாராவது ஊதா வேண்டும் என்று கேட்டால் உடனே எடுக்காது. "எந்த ஊருங்க நீங்க?" என்று கேட்கும். கேட்டுவிட்டுத்தான் எடுக்கும். கூட வேலை பார்க்கிற பெண்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

போன ஆவணி மாசம், முகூர்த்தக் கூட்டம். நான் அக்காவுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோயிருந்தேன். தூண் பக்கம் நின்றேன். அப்போது அவர் உள்ளே வந்தார். கூட ஒரு பெண். கழுத்தில் புதுத் தாலி, மஞ்சள் கயிறு இன்னும் மங்கவில்லை. இருபத்தஞ்சு வயசு இருந்தால் அதிகம்.

அந்தப் பெண் நேராக அக்காவிடம் போய்ச் சேலையை விரித்தது.

"இதுக்கு ரவிக்க பாக்கணும்க்கா."

அக்கா அவரைப் பார்த்தது. அவரும் பார்த்தார். அக்கா உள்ளே போய் மூன்று துணி எடுத்து வந்து மேஜையில் போட்டது. அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பியது.

"எதுங்க சேரும்? நீங்களே சொல்லுங்க."

அவர் அசையவில்லை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அவர் முழங்கையை இடித்தது. "சொல்லுங்களேன். கண்ணு ரெண்டு இருக்குல்ல?"

அவர் கண் அக்காவின் கைக்குப் போனது. நான் அதைத் தூணோரம் நின்று பார்த்தேன்.

அக்கா துணிகளைச் சரி செய்வதுபோல மேஜையில் கையை வைத்தது. நடுவில் இருந்த துணி ஒரு விரல்கடை முன்னால் வந்தது.

"இது" என்றார்.

"பாத்தீங்களா, அச்சு!" என்றது அந்தப் பெண். "இவருக்குக் கண்ணு நல்லாத்தாங்க்கா இருக்கு."

"ஆமாம்மா" என்றது அக்கா. அளந்து வெட்டியது.

அவர்கள் போன பிறகு சோற்றுத் தூக்கைக் கொடுத்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எதுக்குக்கா செஞ்ச? அவரு மாட்டிக்கிட்டு முழிக்கட்டுமே."

அக்கா துணியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"முழிப்பாரு. முழிச்சா அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சுபோகும்."

"தெரிஞ்சா என்ன?"

"தெரிஞ்சா அப்புறம் அவதான் எடுத்து வைக்கணும். தண்ணி பாக்குறதுக்குத்தான் மிசினு. சட்டைக்கு, தக்காளிக்கு, எல்லாத்துக்கும் அவதான் கண்ணு." துணியை அடுக்கில் வைத்தது. "கண்ணா இருந்தவள அவரு என்ன செய்வாருன்னு நமக்குத்தான் தெரியுமே."

மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா வந்து நின்றார்கள்.

"ஊதா ரவிக்க இருக்காம்மா?"

"இருக்குங்க" என்றது அக்கா. "எந்த ஊருங்க நீங்க?"